துடைப்பம்

போந்தி பாலத்தடியில் இருபத்து மூன்று சைக்கிள்கள்.
பக்காரி பட்டியலை வாசிக்கிறான்:
முன்னால் போக லூசியன்,
பஞ்சர் பார்க்க வாலித்,
கடைசியில் என் பெயர்.
அமலோற்பவம் அவன் வாயில்
பாதி வழியிலேயே இறங்கிவிடும். ஆகவே அமா.
"அமா, இன்றைக்கு நீதான் துடைப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், பல்லை மட்டும் காட்டி.
யார் சொல்லியிருப்பார்கள் இவர்களிடம்?
லா தெஃபான்ஸ், பத்தொன்பதாவது மாடி,
விடிகாலை ஐந்து மணி,
நாற்பத்திரண்டு மேசை, அவற்றின் அடியில் நான்.
மாசில்லாமல் உதித்தவள் என்று
காரைக்கால் கோயிலில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார்கள்.
மாசுதான் மாதாமாதம் எனக்குச் சம்பளம் தருகிறது.

ரெஜீன் ஓர் ஆரஞ்சு மேற்சட்டையை மாட்டிவிட்டாள்,
முதுகில் வெள்ளிப்பட்டை மினுமினுக்க.
துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம் என்பதைப்
பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று தெரியாததால்
சண்டை போடாமல் ஏறி மிதித்தேன்.

ஒல்னே தாண்டும்போது வாலித் சொன்னான்:
பெரிய பந்தயங்களில் எல்லாருக்கும் பின்னால் ஒரு வண்டி வருமாம்,
முடியாதவர்களை அள்ளிக்கொள்ள.
அதன் பெயர் துடைப்பம்.
"நம்மிடம் வண்டி இல்லை, நீ இருக்கிறாய்.
உனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது,
அவ்வளவுதான் வேலை."
காது சூடானது. குளிர்க்காற்று என்று வைத்துக்கொண்டேன்.

கணக்கு இது:
கிளே வரை போய்த் திரும்பினால் நாற்பது கிலோமீட்டர்,
தலைக்கு நாற்பது யூரோ மருந்துக்கடைக்காரர் தருவார்.
முடித்தால்தான். பாதிக்குப் பாதி என்ற பேச்சே இல்லை, கறார்.
பணம் ஒரு வீட்டுக்குப் போகிறது.
இரவில் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்த பெண்கள்
தங்கும் வீடு. விலாசம் எங்களுக்கும் தெரியாது.
சலவை மெஷின் வேண்டுமாம் அங்கே.

போகும்போது காற்று முதுகைத் தள்ளியது.
திரும்பும்போது அதே காற்று
மார்பில் கைவைத்து, எங்கே போகிறாய் என்றது.
செவ்ரான் அருகே ஓதில் இறங்கிவிட்டாள்.
அவளுடையது மடக்கு சைக்கிள்,
சக்கரம் தோசைக்கல் அளவு.
கெண்டைக்கால் கல்லாகியிருந்தது.
"நீ போ, அமா. என் நாற்பது யூரோ இல்லாமல்
ஒன்றும் நின்றுவிடாது."

நான் வாதாடவில்லை.
ஒரு கிளெமன்தீன் உரித்தேன், பாதி கொடுத்தேன்.
கால்வாய்த் தண்ணீரில் ஒரு வெள்ளைச் செருப்பு
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
சுளையை வாயில் போடாமல் வைத்துக்கொண்டே ஓதில் சொன்னாள்:
"அந்தப் பழைய மெஷின் பிழியும்போது நடக்கும், தெரியுமா.
சுவரை விட்டுக் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துவிடும்.
யாராவது அதன்மேல் உட்கார வேண்டும்.
முறை வைத்துத்தான் உட்காருவோம்."

உட்காருவோம் என்றாளா, உட்காருவார்கள் என்றாளா,
என் பிரெஞ்சு அவ்வளவு நம்பத்தக்கதல்ல.
நான் கேட்கவில்லை.
எழுந்து அவள் சைக்கிளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.
மிதித்தா, நடந்தா என்று
மருந்துக்கடைக்காரரின் தாளில் எழுதியிருக்கவில்லை.

ஒன்பது கிலோமீட்டர்.
வழியில் ஓதில் பாடவில்லை, அழவில்லை,
பள்ளிச் சமையலறையில் பீட்ரூட்டைத் தொடாத பிள்ளைகளை
ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே வந்தாள்.

பாலத்தடியில் விளக்கு எரிந்துவிட்டது.
மேசையை மடக்கிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும்
கோட்டுப் பைகளில் கையை விட்டபடி நின்றார்,
கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பக்காரி ஓதில் பெயருக்கு எதிரே கோடு போட்டான்,
பிறகு என் பெயருக்கு.
"உனக்குப் பின்னால்?"
திரும்பிப் பார்த்தேன்.
"ஒரு வாத்து."

சட்டையை ரெஜீன் திருப்பிக் கேட்டாள்.
துவைத்துத் தருகிறேன் என்றேன்.
மூன்று ஞாயிறு ஆகிவிட்டது,
இன்னும் துவைக்கவில்லை.